நாற்பது செல்லும் ஒரு டம்ளரும்

ஸ்ரீரங்கத்து அபார்ட்மென்ட் ஒன்றைச் சுற்றி நாற்பது பேர் கைகோத்து நின்றார்கள். இந்தச் சோதனையும் சொதப்பினால், நவநீதன் சாரின் ஞாயிற்றுக்கிழமை அறிவியல் சொற்பொழிவுக்கு நிரந்தர முழுக்கு என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் எழுதி வைத்திருந்தது.

"நீங்க எல்லாரும் நரம்பு செல்லுங்க. கட்டடத்துக்குப் பின்னாடி, முதல் செல் ரங்கநாதன் சூடான காபி டம்ளரைத் தொட்டதும் பக்கத்துக் கையை அழுத்துவார். உங்க கைக்கு அழுத்தம் வந்தா அடுத்த கைக்குத் தள்ளிவிடணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. கடைசியில அமிர்தம்மா, நீங்கதான் மூளை. 'சுடுது'ன்னு சொல்லணும்."

"மூளைன்னு எங்க வீட்டுக்காரர் காதுல விழுற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

நவநீதன் விசில் ஊதினார். ஆறே விநாடி. அமிர்தம் "சுடுது" என்று அலறியதில் திருவானைக்காவல் யானையே திரும்பிப் பார்த்திருக்கும். கையை வேறு ஊதி ஊதி ஆற்றிக்கொண்டார். கைதட்டல் கொள்ளிடத்தைத் தாண்டியது. சங்கத் தலைவர் ராசப்பன் தீர்மானத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார்.

"ஆயுசு பூரா பேசுங்க சார்."

அப்போது போன் அடித்தது. ரங்கநாதன்.

"மன்னிச்சுக்குங்க சார், காபிக் கடையில ஒரே கூட்டம். இப்பத்தான் டம்ளர் கைக்கு வந்துச்சு. அஞ்சே நிமிஷம், வந்து ஆரம்பிச்சிடுறேன்."

நவநீதன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வேணாங்க. அதை அங்கேயே குடிச்சிட்டு, பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிடுங்க."