நாலாவது முக்கோணம்

வளைந்துபோன எலக்ட்ரானிக் சிப்புகளின் கால்களை இடுக்கியால் நிமிர்த்தித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சிப்புக்குப் பதினாலு கால். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் ஊர் வழக்கப்படி, தள்ளுவண்டியில் என் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நாலாவது மைக் ஊமை! சுத்த ஊமை!"

குட்ருன் போட்ட சத்தத்தில் பட்டறை ஜன்னல் அதிர்ந்தது. அவர்தான் எங்கள் முதலாளியம்மா.

வைலே ஊர்ச் சர்ச்சுக்கு நாலு மைக் ஒலிப்பெட்டி செய்கிறோம். செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் சர்க்யூட் படம் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரே சிப்புக்குள், மைக்குக்கு ஒன்றாக, நாலு ஆம்ப்ளிஃபயர். படத்தில் அது நாலு முக்கோணம்.

இன்று காலை பாதிரியார் போடிலின் எதிரிலேயே ஓட்டிக் காட்டினார் குட்ருன். திரையில் மூன்று கோடுகள் அலை அலையாகப் போயின. நாலாவது, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

பாதிரியார் காப்பியைக் குடித்து முடித்து, "சரியானதும் சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார்.

"எஸ்கில், இங்க வா ராசா."

படம் போடுகிறவன் எஸ்கில். வந்து மூன்று மாதம். வெள்ளிக்கிழமையோடு சோதனைக் காலம் முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்று குட்ருன் சொல்ல வேண்டும்.

அவன் குனிந்து பார்த்தான். இரண்டே நிமிடம்.

"மூணுலயும் ஒண்ணாம் நம்பர் சிப்புன்னு இருக்கு. நாலாவதுல மட்டும் ரெண்டாம் நம்பர். நகல் எடுத்து ஒட்டினா, அதை வேற சிப்புன்னு எடுத்துக்கும். அந்தச் சிப்புக்கு யாரும் கரண்ட் கொடுக்கல."

"பாக்க ஒரே மாதிரி இருக்கே?"

"பாக்க அப்படித்தான் இருக்கும்."

"எந்தப் புத்திசாலி நகல் எடுத்தது?"

படத்தின் மூலையில், கடைசியாகத் திருத்திய நேரம் இருந்தது. எஸ்கில் அதைப் படித்தான். என் பக்கம் ஒருமுறை திரும்பினான். என் இடுக்கியில் ஒரு கால் ஒடிந்தது.

"நான்தான்" என்றான்.

"மூணு மாசமா இதைத்தான் கத்துக்கிட்டியா? கரண்ட் இல்லாம அது எப்படிப் பாடும்? உனக்குக் காப்பி கொடுக்காம ஒரு நாள் வேலை வாங்கிப் பாக்கட்டுமா?"

"வேணாம், நானும் படுத்துடுவேன்."

குட்ருனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்கு முன்னாடி இருந்தவன் கடைசிவரைக்கும் கம்ப்யூட்டர் மேலதான் பழி போட்டான். நீ ஒத்துக்கிட்டே. அதுக்காகவே உன்னை வச்சுக்கிறேன். நிரந்தரம். போ, அதைச் சரி பண்ணு."

இடுக்கியைக் கீழே வைத்தேன். நாலு பேர் இருந்தால் வாயே திறக்காத நான் எழுந்து நின்றேன்.

"குட்ருன்... நேத்து நீங்க ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போயிருந்தப்ப, சும்மா பாக்கலாம்னு நான் அந்தக் கம்ப்யூட்டர..."

"சிக்னே! வெளியில வண்டியில உங்க பாப்பா அழுவுறா, ஓடுங்க!" எஸ்கில் கத்தினான்.

ஓடினேன். மூக்கு மட்டும் தெரிய, போர்வைக்குள் பாப்பா சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே வந்த எஸ்கில் என் காதருகே சொன்னான்:

"முக்கோணம் கைதவறி அழிஞ்சுட்டா, பயந்துபோய் பக்கத்துல இருக்கறத எடுத்து ஒட்டாதீங்க. 'அண்டூ'ன்னு ஒண்ணு இருக்கு. அமுக்குங்க, போனது தானா திரும்பி வந்துடும்."