வெறும் பொங்கல்

நிரல்களைச் சேர்த்துவைக்கும் ஒரு மென்பொருள் கிடங்கில் பொங்கல் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். சாப்பிடுகிற பொங்கல் இல்லை. பண்டிகைக்கு வெளிவந்த செயலியின் பெயர். ஒருவன் பிராஞ்ச், அதாவது வளரும் கிளை. புது வேலை சேரச் சேர தினமும் முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பான். மற்றவன் டேக், அதாவது அடையாளச் சீட்டு. வெளியீட்டன்று குத்திய இடத்திலேயே அசையாமல் நிற்பான்.

ஒரு நாள் கட்டளை வந்தது. வாசல் காவலாளி படித்தான்: "பொங்கலை வாடிக்கையாளருக்கு அனுப்பவும்."

"நான்தான்!" இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"முழுப் பேரைச் சொல்லுங்கய்யா. பிராஞ்ச் பொங்கலா, டேக் பொங்கலா?"

"முழுப் பேரா? பொங்கல்னா ஊருக்கே என்னைத்தான் தெரியும்," என்றான் பிராஞ்ச். "இவன் நட்டுவச்ச கல்லு."

டேக் அவன் சட்டையைப் பிடித்தான். "நீ காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. உன்னை யார்டா நம்புவா?"

காவலாளி கெஞ்சினான். இருவரும் இறங்கி வரவில்லை. கட்டளை வந்த வழியே திரும்பிப் போனது.

சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது. அதைப் படிக்கும்போது காவலாளியின் குரல் தணிந்தது.

"பொங்கலை அழிக்கவும்."

இருவரும் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

"யாருய்யா பொங்கல்?"

"என் பேரு பிராஞ்ச் பொங்கல்," என்றான் ஒருவன் அவசரமாக.

"நான் டேக் பொங்கல்," என்றான் மற்றவன்.

"இதுல வெறும் பொங்கல்னுதான் போட்டிருக்கு."

"அப்படி இங்க யாரும் இல்லையே," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.