முன்ஜாக்கிரதைக்காரர்

"ஐம்பதாயிரம் அதிகமா வந்திருக்கும் பாருங்கண்ணே. அதை மட்டும் திருப்பி அனுப்பிடுங்க."

போனில் இதைக் கேட்டதும் ஜெராக்ஸ் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைக்கு வாங்கிய வேனை விற்க அவர் இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தார். ஒரு ராத்திரி பயணத் தூரத்தில் சலவைக்கடை வைத்திருப்பவர் படத்தைப் பார்த்தே வண்டியைப் பிடித்துப்போய், நாலரை லட்சத்துக்குப் பேசி முடித்து, அட்வான்ஸாக ஐம்பதாயிரம் அனுப்பினார். பாக்கி நாலு லட்சத்துக்குத் தன் ஊர் வங்கிக் கிளையிலேயே ஜெராக்ஸ்காரர் கணக்கில் செக் போடுவதாகப் பேச்சு. போட்டிருப்பதோ நாலரை லட்சம்.

"அட்வான்ஸ் குடுத்ததை வீட்ல சொல்ல மறந்துட்டேன். என் சம்சாரம் முழுசா எழுதிப் போட்டுட்டா" என்றார் சலவைக்கடைக்காரர்.

"பாக்குறேன்" என்று போனை வைத்தார் கடைக்காரர்.

விஷயத்தைக் கேட்ட மனைவி, "பாவங்க, அனுப்பிடுங்க" என்றாள்.

"பாவமா? உன் தம்பி பைக் வித்த கதை மறந்துபோச்சா?"

மறக்க விட்டால்தானே. நாலு பேர் கூடிய இடத்தில் மச்சான் அந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்ததில்லை. அவருக்கே போன் போட்டார்.

"அத்தான், அச்சு அசல் அதே ஆளுங்கதான்" என்றார் மச்சான். "செக் போட்டதும் கணக்குல பணம் ஏறின மாதிரி காட்டும். அதிகமா வந்துடுச்சுன்னு கெஞ்சுவான். நீங்க அனுப்புறது நிஜப் பணம். நாலு நாள் கழிச்சு அவன் செக் திரும்பி வந்து நிக்கும். வண்டியும் போய், காசும் போய், என்னை மாதிரி தலையில துண்டைப் போட்டுக்குவீங்க."

அவ்வளவுதான், கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பணத்தை நம்பித்தான் புது மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார். பழையது இழுத்துக்கொண்டு கிடந்தது. பணம் வராவிட்டால் கடைக்குப் பூட்டுதான்.

அன்று யாரோ கொடுத்த வீட்டுப் பத்திரத்தைத் தலைகீழாகப் பிரதி எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். வேன் வாசலில் நிற்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தார். சாவியைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவே இல்லை, குளிக்கப் போகும்போது சட்டையையும் உள்ளே கொண்டுபோனார்.

"ரொம்பத்தான் பண்றீங்க" என்றாள் மனைவி. "அந்த மனுஷன் நிஜமாவே தப்பா போட்டிருந்தா?"

"நிஜமா இருந்தா ஒத்தப் பைசா வச்சுக்க மாட்டேன். அடுத்தவன் காசு எனக்கெதுக்கு? ஏமாறக் கூடாது, அதான் என் கவலை."

மறுநாள் வங்கி திறக்கும்போதே போய் நின்றார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "செக் பாஸ் ஆயிடுச்சு சார். பணம் அந்த பேங்க்லேருந்து வந்து சேர்ந்தாச்சு" என்றாள்.

"சேர்ந்த மாதிரி காட்டுதா, இல்ல சேர்ந்தே போச்சா?"

"சேர்ந்தே போச்சு."

"நாலு நாள் கழிச்சுத் திரும்பிடாதே? நல்லாப் பாருங்கம்மா. எங்க மச்சானுக்கு இப்படித்தான்..."

"உங்க மச்சானுக்கு அப்போ செக் பாஸ் ஆகியிருக்காது சார். இது பாஸ் ஆகி முடிஞ்சுடுச்சு. இனிமே நீங்களா எடுத்துக் குடுத்தாத்தான் போகும்."

"நானா குடுத்தாத்தானா?"

"ஆமா சார். அடுத்தவங்களுக்கு வழி விடுங்க."

வெளியே வந்தார். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. படியில் நின்று மூச்சு வாங்கும்போதே போன் அடித்தது.

"அண்ணே, பேங்க்ல கேட்டீங்களா?" என்றார் சலவைக்கடைக்காரர். குரலில் தயக்கம். "நீங்க சந்தேகப்படுறதுல தப்பே இல்ல. முன்னப் பின்ன தெரியாதவன் கேட்டா நானும் அப்படித்தான் இருப்பேன். நல்லா விசாரிச்சுட்டே அனுப்புங்க. தன்னாலதானேன்னு இவ நேத்துலேருந்து சரியா சாப்பிடலை, அதான் தொந்தரவு பண்றேன்."

"சரி சரி, வீட்டுக்குப் போய்ப் பாக்குறேன்."

வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் மெஷின் விற்கும் கடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் சொல்லி வைத்திருந்த மெஷின் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கலரிலும் பிரதி எடுக்கிற பெரிய மெஷின் ஒன்று. விலை ஐம்பதாயிரம் கூடுதல். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வீட்டில் மனைவியும், சேதி கேட்க ஓடி வந்த மச்சானும் காத்திருந்தார்கள்.

"என்ன அத்தான் சொன்னாங்க?"

கடைக்காரர் செருப்பைக் கழற்றினார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். மேசையில் வைத்த போன் மறுபடி அடித்தது.

"அவர்தாங்க" என்று மனைவி கையை நீட்டினாள். "நான் பேசட்டுமா?"

"எடுக்காதே" என்றார் கடைக்காரர். "வண்டி விலை மட்டும்தான் வந்திருக்காம், அதுக்கு மேல ஒத்தப் பைசா வரலையாம். நல்லவேளை மச்சான், நீ சொன்னியோ, நான் பொழைச்சேனோ. இல்லேன்னா என் தலையில மிளகாய் அரைச்சிருப்பான், திருட்டுப் பய."