பேத்தி கடைசியில் வரட்டும்

"என்னம்மா, டிவிடி ஓடலியா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"ஓடுது. அதுதான் பிரச்சினை. ரிமோட்டை அழுத்தினாத்தான் அடுத்த போட்டோ வரணும்னு சொன்னேனே?"

"உங்க வீட்டுக்காரர் பார்க்கன்னு சொன்னீங்க. ஒவ்வொண்ணுக்கும் அழுத்தினா அலுத்துப்போகுமேன்னு தானா ஓடற மாதிரி வச்சேன். புதுசாப் பிறந்த பேத்தியைக்கூட முதல்லயே போட்டேனே!"

"நல்லவேளை, அவருக்குக் காட்டறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன். பேத்தியைக் கடைசிக்குத் தள்ளுங்க. வாசல், துணிக்கொடி, தண்ணித் தொட்டி எல்லாம் முன்னாடி வரட்டும். நடுவுல தாண்டிப் போக வழியே இருக்கக் கூடாது."

ஸ்டுடியோக்காரருக்குச் சுருக்கென்றது. புருஷன் மேல் அப்படி என்ன வன்மமோ! கம்ப்யூட்டரில் படங்களை மாற்றி அடுக்கியவருக்கு மனசு கேட்கவில்லை.

"பெரியவர் பேத்தியை இன்னும் பார்க்கவே இல்லைங்கறீங்க. ஏம்மா இப்படி இழுத்தடிக்கிறீங்க?"

"பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. இப்போ விரல் லேசா அசையுது, ஆனா பழக்க மாட்டேங்கறார். டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையால தூக்கி எறியறார். ரிமோட்டை வலது கைக்கு அடியில, இடது கை எட்டாத இடத்துல கட்டப்போறேன். பேத்தி வேணும்னா அழுத்தட்டும்."

ஸ்டுடியோக்காரர் கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"இருங்க, இன்னும் கொஞ்சம் வாசல் எடுத்துட்டு வந்துடறேன்."