அண்ணனுக்கு வந்த டீச்சர்

ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தாள் இளையவள். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரமாக மூத்தவளின் மகன். அவனுடைய சக்கர நாற்காலியை ஒட்டினாற்போல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் அந்த உதவி டீச்சர். கையில் கலர் கலராய் எழுத்து அட்டைகள்.

அதற்கும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தன் மகள் இளையவளுக்குத் தெரியவே இல்லை. டீச்சரின் அகன்ற முதுகு மறைத்துக்கொண்டிருந்தது.

வயிறு எரிந்தது அவளுக்கு. தைத்து எடுத்து வந்த யூனிஃபார்ம் மூட்டையை ஆபீசில் போட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம். பாழாய்ப்போன கால் கேட்டால்தானே!

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் கீழேயும் மாடியிலும் குடியிருக்கிற ஓரகத்திகள் இருவரும். கீழே புது ஃபிரிட்ஜ் வந்தால் மாடியில் ஒரு வாரம் புகையும். இப்போது வந்திருப்பதோ ஆள்! நகராட்சிப் பணத்தில், ஒரே ஒரு பிள்ளைக்கென்று தனியாக ஒரு டீச்சர்!

"அவனுக்குக் கால்தான் முடியல, தலைக்கு என்ன கேடு? நியூஸ் பேப்பரையே கடகடன்னு படிக்கிறான். அவனுக்கு எதுக்கு எழுத்து அட்டை?" என்று தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இத்தனைக்கும் காலையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது மூத்தவள். மத்தியானம் போட்டது போட்டபடி ஓடி வந்து பையனை பாத்ரூமுக்குத் தூக்கிப் போவதும் அவளேதான்.

"ஆளையும் வாங்கிட்டு, நாடகம் வேற!" என்று பொருமினாள் இளையவள். பொருமிப் பொருமி, ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு நகராட்சிக் கல்வி அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"நடக்க முடியாத பையன்னுதாம்மா பணம் ஒதுக்கினோம்" என்றார் அதிகாரி. "தூக்கி விட, தள்ளிக்கிட்டுப் போக ஒரு ஆயாவைப் போடறோம்னு சொன்னோம். அவங்க அம்மாதான், அதெல்லாம் நான் பாத்துக்கறேன், வாசிக்கச் சொல்லித்தர்ற டீச்சர்தான் வேணும்னு பிடிவாதமா நின்னாங்க."

"நல்லா நின்னாங்க! அவன் பேப்பர் படிக்கிறான் சார். வேணும்னா நேர்ல வந்து பாருங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா? எழுத்து வராத பிள்ளைங்களுக்குன்னு எங்ககிட்ட இருக்கறதே ரெண்டு மூணு டீச்சர்தான். எத்தனையோ ஸ்கூல் கேட்டுக்கிட்டு நிக்குது... சரி, உங்க பிள்ளைக்கு ஏதாவது உதவி வேணுமாம்மா?"

இளையவளுக்குச் சுருக்கென்றது. "என் பொண்ணுக்கு என்ன சார் குறை? போன வருஷம் இப்படித்தான் ஒரு டீச்சர், எழுத்து குழம்புது, டெஸ்ட் பண்ணலாம்னு வந்தாங்க. ஸ்கூலே வேடிக்கை பாக்க நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. இப்ப என் பொண்ணு கடை போர்டெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறா, தெரியுமா? நாங்க யார்கிட்டயும் ஆள் கேக்கல!"

அவள் சொன்னபடியே அதிகாரி பள்ளிக்கு நேரில் வந்தார். பையன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அவன் ஒரே மூச்சில் படித்துக் காட்டினான். அடுத்த வாரமே உதவி டீச்சரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே மூத்தவள் வழி மறித்தாள். "நீதான் போய்ச் சொன்னியா?"

"ஆமாக்கா, நான்தான் சொன்னேன். கஷ்டப்படற பிள்ளைங்களுக்குப் போக வேண்டியதை நாமளே அமுக்கி வெச்சுக்கிட்டா நியாயமா?"

மூத்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மாடியை ஒரு முறை பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூத்தவளின் வாயை அடைத்துவிட்டோம் என்று இளையவளுக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், படி ஏறும்போது ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

மாடியில் மகள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"டீச்சர் போயிட்டாங்கம்மா."

"போனா போறாங்க! அண்ணனுக்கு வந்தவங்க, போயிட்டாங்க. அதுக்கு நீ ஏன் அழுது வடியற?"

மகள் நிமிர்ந்தாள். அழுது அழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அண்ணனுக்குத்தான் நல்லாப் படிக்க வருமே."

"அதைத்தான்டி நானும் சொன்னேன்!"

"உனக்குத் தெரிஞ்சா நீ ஸ்கூலுக்கு வந்து சண்டை போடுவேன்னு, பெரியம்மாதான் சொல்ல வேணாம்னாங்க."

கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றப் போன இளையவளின் கை அப்படியே நின்றது. "எதைச் சொல்ல வேணாம்னாங்க?"

"அவங்க எனக்குச் சொல்லித்தர வந்த டீச்சர்ம்மா!"