வேனில் குறையும் தண்ணீர்

அன்புச்செல்வி ஓட்டிவந்த பழைய டீசல் வேனில் தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் காணாமல் போனது. சூலூர் மெக்கானிக் கிருபா ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என எல்லாவற்றையும் துருவிப் பார்த்துவிட்டான். எங்கும் ஒரு சொட்டுக் கசிவில்லை.

“ஓடாம நின்னாலுமா குறையுதுங்க அம்மணி?”

“ஆமாங்க. சும்மா நின்னாலும் குறையுது.”

வேறு வழி தெரியாமல் தண்ணீரை வடித்துவிட்டுப் இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட்டை ஊற்றினான்.

“மிச்சத்தை ஊட்டுல உங்க பாப்பா கைக்கு எட்டாம வெய்யுங்க. வாயில பட்டா வெசமுங்க.”

மறுநாள் காலையிலேயே வேன் வந்து நின்றது. கிருபா மூடியைத் திறந்தான். கூலண்ட் விளிம்பு வரை இருந்தது.

“பாத்தீங்களா, சொட்டுக் குறையலீங்க!”

அன்புச்செல்வி சிரிக்கவில்லை.

“இதை எடுத்துப்போட்டுப் பழையபடி தண்ணியே ஊத்திருங்க.”

“ஏனுங்க?”

“எங்க ஊட்டுக்காரரு நெஞ்சுவலி வந்து இந்த வேன் சீட்லதானுங்க உசுர விட்டாரு, தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே. ஊட்டுல அவரு படத்துக்கு முன்னால தெனமும் சொம்புல தண்ணி வெக்கறேன். மூணு மாசமா வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. இன்னிக்குக் காலியாக் கெடக்குதுங்க. பாப்பா பயந்து அழுகுது. அவரு வேன்லயே இருந்துக்கட்டுமுங்க.”