ஐந்தாவது சோளமணி

'விருந்தெண்டு கூப்பிட்டுப்போட்டு, அஞ்சே அஞ்சு சோளமணியை வைச்சிருக்கிறாளே!' தன் தட்டைப் பார்த்து அருள்நாயகி நினைத்துக்கொண்டாள்.

"வான்கோழி பிறகு வரும், அம்மா," என்று மகன் டானியல் சிரித்தான். அமெரிக்க மருமகள் மேகன் வைக்கும் முதல் தாங்ஸ்கிவிங் விருந்து அது. "அமெரிக்காவுக்கு முதல்முதல் போன சனத்துக்குப் பட்டினிக் காலத்தில ஒரு நாளைக்கு இவ்வளவுதானாம். அப்பிடி ஒரு கதை. ஒவ்வொரு மணிக்கும் ஓராளுக்கு நன்றி சொல்லோணும்."

மருமகளின் மனம் நோகக் கூடாது. மகனுக்கு, மேகனுக்கு, முழங்காலைச் சரியாக்கிய டாக்டருக்கு, இங்கே ஸ்டோவ்னரில் வேலை எடுத்துத் தந்த சிந்தியாவுக்கு என்று அருள்நாயகி நான்கு மணிகளை நகர்த்தினாள்.

வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டிலிருந்து வந்திருந்த அல்பிரட் அவள் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். "அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லும்."

டானியல் குரலைத் தாழ்த்தினான். "அஞ்சாவது அப்பாவுக்குச் சொல்லுங்கோவன். இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு உங்களைப் பார்க்கவெண்டே வந்திருக்கிறார்."

அல்பிரட் உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்தார்.

மூன்று வயது மகனோடு தன்னை விட்டுவிட்டு அவர் வடக்கே போன குளிர்காலம் அவள் நினைவுக்கு வந்தது. கோபம்கூட வரவில்லை.

"எனக்கு நாலு போதும், டானியல்," என்றாள். "நீ வான்கோழியைக் கொண்டுவா."